என் பங்கு திரும்பிப் போனது

“கோ மணி நீங்கதானே, ஊலே?” என்று கேட்டாள் கவுண்ட்டரில் இருந்த பெண். கோ என்றால் பர்மியில் அண்ணன் மாதிரி; ஊலே என்றால் மாமா, சித்தப்பா எல்லாம்தான். என் நரைக்கு இப்போது ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது.

யாங்கோன் ஓரத்தில், லைங் தாயா பக்கம், வெளியூர் பஸ்கள் வந்து நிற்கிற இடத்தில் ஒரு பார்சல் அறை. தகரக் கூரை. மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மேஜையின் மேல் ஒரு பொட்டலம் இருந்தது. பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள். அடுப்புக்கு மேலே பல நாள் தொங்கிய இறைச்சியின் புகை வாசனை வந்தது. உள்ளே இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த முடிச்சைப் போட்ட கை யாருடையது என்றும் தெரியும்.

மலையில் சண்டை என்பதால் ஒன்றரை வருடமாக அந்தக் கையைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் இருந்தேன். ஆளே இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இருந்தேன். பொட்டலத்தைப் பார்த்ததும் கையை நீட்டப் போனேன்.

அப்போதுதான் பக்கத்து மேஜையைக் கவனித்தேன். அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் மலைப் பக்கத்திலிருந்து வந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்தவர்களின் அடையாள அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாளிடம், “அங்க உனக்கு யாரு இருக்கா? எத்தனை நாளாப் பழக்கம்?” என்று கேட்டது காதில் விழுந்தது. அவள் கையில் இருந்தது ஒரு மூட்டை உலர்ந்த மிளகாய், அவ்வளவுதான்.

“நான் இல்லைம்மா,” என்றேன்.

இரண்டு பெயர்

இங்கே இருக்கிற எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். வீட்டில் ஒன்று, அட்டையில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வாயில் நுழைகிற மாதிரி ஒரு பர்மியப் பெயர் வைத்துவிடுவார்கள். என் அட்டையில் இருக்கிற பெயர் ‘தான் மியின்’, மரியாதைக்கு முன்னால் ஒரு ‘ஊ’. மணி என்கிற ஆளுக்கு இந்த நாட்டில் ஒரு காகிதம்கூடக் கிடையாது. ரேஷனுக்கும் ரயிலுக்கும் அது எத்தனையோ தடவை தொல்லை கொடுத்திருக்கிறது. அன்றைக்கு ஒரு நாள் உதவியது.

“என் பேரு ஊ தான் மியின். அந்தப் பேருக்கு ஏதாச்சும் வந்திருக்கான்னு பாக்க வந்தேன்,” என்று அட்டையை எடுத்துக் காட்டினேன். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். அவளும் அதைப் பார்த்தாள்.

“காலைல இந்த நம்பருக்குத்தான் போன் பண்ணினேன். ஒரு ஆம்பளைக் குரல். உடனே வரேன்னாரு,” என்று சொல்லிக்கொண்டே பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த எண்ணை மறுபடி அழுத்தினாள்.

என் போன் தாமுவேயில், வீட்டில், அரிசி டின்னின் மேல் இருந்தது. பாலத்தில் வண்டியை நிறுத்திப் போனைப் பார்க்கிறார்கள் என்பதால் நான் அதை வெளியே எடுத்து வருவதில்லை. வீட்டில் என் மனைவி ராணி இருப்பாள். எடுத்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். “அவரு உங்க கடைக்குத்தாங்க வந்துக்கிட்டிருக்காரு” என்பாள், உலகத்துக்கே கேட்கிற குரலில். பக்கத்து மேஜை ஆள் நிமிர்ந்து பார்த்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் சுவரில் இருந்த பஸ் நேர அட்டவணையைப் படிக்கிறவன் போல நின்றேன். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

ராணி எடுக்கவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம். அவளுடைய சோப்புக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன்.

“நிச்சயமா உங்களுது இல்லையா ஊலே?” என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

“இல்லம்மா.”

“அப்ப வந்த வழியே அனுப்பிடறேன்.”

மெஷின் போய் மான் வந்த கதை

இந்தத் தொடரில் தையல் மெஷின்களைப் பற்றியே எழுதித் தள்ளுகிறேன் என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக இந்த வாரம் மான். ஆனால் மானுக்கும் மெஷின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

பல வருடங்களுக்கு முன்னால், சாலைகள் எல்லாம் திறந்திருந்த காலத்தில், மேற்கு எல்லையில், சின் மக்கள் வாழ்கிற மலையில் ஒரு சின்ன ஊரில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் பத்துப் பன்னிரண்டு பழைய மெஷின்கள் வாங்கினார்கள். அதையெல்லாம் பூட்டி ஓட வைக்க யாங்கோனிலிருந்து என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் இரண்டு நாள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே போய் இறங்கினேன். மெஷின்களுக்கு மேஜை செய்ய வந்த தச்சன்தான் கோ லியன். என் வயதுதான். குட்டையான ஆள், அதிகம் பேச மாட்டான். நான் வாயை மூட மாட்டேன். அதனால் ஒத்துப்போயிற்று. இருவரும் பேசியது பர்மியில்தான். அவனுக்கும் அது சொந்த பாஷை இல்லை, எனக்கும் இல்லை.

வேலை முடிந்ததும், “மானுக்குப் போறோம், வர்றியா?” என்றான்.

மான் என்றால் புள்ளி போட்டுக்கொண்டு துள்ளுமே, அது என்று நினைத்துக்கொண்டு ரப்பர் செருப்போடு கிளம்பினேன். அவர்கள் போனது கடமானுக்கு. பர்மியர் சத் என்பார்கள். ஒரு கிடா நிமிர்ந்து நின்றால் நம் சைக்கிள் ரிக்‌ஷாவின் கூரையை விட உயரம்.

மூன்று நாள் நடந்தோம். பைன் மரங்கள் முடிந்து, பாசி தொங்குகிற ஓக் காடு வந்தது. அதற்கும் மேலே புல்வெளியும் மூடுபனியும்தான். அட்டை கடித்த இடமெல்லாம் அரித்தது. சோளக் கஞ்சியைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. வழி நெடுகக் கடமானின் பெயரை யாரும் சொல்லக் கூடாது, “பெரியவர்” என்றுதான் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் இரண்டு தடவை வாய் தவறி, இரண்டு தடவையும் முறைப்பு வாங்கினேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை லியன் என்னை ஒரு உவர்மண் பள்ளத்துக்கு எதிரே, பாறை மறைவில் உட்கார வைத்தான். மான்கள் உப்புக்காக மண்ணை நக்க வருகிற இடம். “அசையாதே. பெரியவர் வந்தா கையைத் தூக்கு, போதும்,” என்று சொல்லிவிட்டுப் போனான். அவனும் மற்றவர்களும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பனி மூக்குக்கு முன்னால் நின்றது. என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது.

முதலில் வந்தது சத்தம். தரையில் ஓங்கி ஒரு மிதி. பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு தலை. பிடரி மயிர் நனைந்து தொங்கியது. ஈர மாட்டுத் தொழுவத்து வாசனை. என்னிடமிருந்து பத்தடி இருக்கும். அது என்னையே பார்த்தது. எனக்குப் பயத்தில் காது அடைத்துவிட்டது. எப்படியோ கையைத் தூக்கிவிட்டேன். மேலேயிருந்து வெடி கேட்டது.

அவ்வளவு பயந்த எனக்கு அடுத்த வருடம் மழை முடிவதற்குள் உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. மொத்தம் நான்கு தடவை போனேன். துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. “மான் பாக்கறதுக்கு அவ்ளோ தூரமா போவணும்? மிருகக்காட்சி சாலைக்குத் தாமுவேலேந்தே பஸ் போவுதே!” என்பாள் ராணி. அவளுக்கு நான் பதில் சொன்னதில்லை. என்னிடம் பதில் இருந்ததும் இல்லை.

இப்போது இருக்கிறது. அங்கே பயம் வரும், மானும் வரும், பிறகு இரண்டும் போய்விடும். கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கலாம். இங்கே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே நானும் ராணியும் பேச்சை நிறுத்துகிறோம். செருப்பு மேல் மாடிக்குப் போய்விட்டால் பேச்சைத் தொடர்கிறோம். எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது மறந்து போயிருக்கும். இப்படி வருடக்கணக்காக இருந்து பாருங்கள், அந்தப் பாறை மறைவில் இன்னொரு தடவை பயந்து நடுங்க மாட்டோமா என்று உங்களுக்கும் ஏக்கம் வரும்.

கறி வெட்டும்போது சொன்னது

அந்த முதல் கடமானை வெட்டும்போது லியன் எனக்கும் ஒரு கூறு வைத்தான். “நான் ஒண்ணுமே செய்யலியே,” என்றேன்.

“உக்காந்திருந்தே இல்ல? இனிமே உசிரு இருக்கற வரைக்கும் உனக்குப் பங்கு உண்டு,” என்றான்.

வேறு சின் ஊர்களில் எப்படியோ எனக்குத் தெரியாது. லியனின் ஊரில் இதுதான் வழக்கம். ஒரு கடமான் விழுந்தபோது கூட உட்கார்ந்திருந்தவன் ஆயுசுக்கும் பங்காளி. ஒவ்வொரு வருடமும் மழைக்குப் பின் விழுகிற முதல் கடமானில் அவனுக்குரிய கூறைப் புகை போட்டு, அவன் எங்கே இருந்தாலும் அனுப்பிவிட வேண்டும். எனக்கு வருடா வருடம் பஸ்ஸில் வந்தது. ராணி அதை வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டு வறுப்பாள். “செருப்பு மாதிரி இருக்கு” என்பாள். இரண்டாம் தடவை போட்டுக்கொள்வாள்.

பங்கு திரும்பி வந்தால்? அதையும் அன்றைக்கே கேட்டேன். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே.

“திரும்பி வந்தா அவன் செத்துட்டான்னு அர்த்தம். பங்கை எவனும் வேணாம்னு சொல்லமாட்டான். அனுப்பினவன் அவனுக்காகத் துக்கம் காக்கணும். அடுத்த மழை முடியற வரைக்கும் கடமானைச் சுடக் கூடாது,” என்றான் லியன்.

பார்சல் அறையிலிருந்து திரும்பும்போது பஸ் பாலத்தில் நின்றது. எல்லாரும் அட்டையைக் கையில் எடுத்தோம். அந்த நிமிடத்தில்தான் லியன் சொன்ன இந்தப் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. இறங்கித் திரும்ப ஓடியிருக்கலாம். சோதனை நடக்கிற இடத்தில் எவன் இறங்கி ஓடுவான்?

மறுநாள் காலையில் போனேன். ராத்திரி பஸ்ஸிலேயே போயிற்று என்றாள் அந்தப் பெண்.

என் துக்கத்துக்கு வந்தவள்

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கரண்ட் இல்லை. நான் பால்கனி வெளிச்சத்தில் ஒரு மெஷினின் தலையைக் கழற்றி வைத்துக்கொண்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எங்கள் மாடியிலேயே நின்றது. கதவைத் தட்டினார்கள்.

ராணி சங்கிலியை எடுக்காமல் கதவை விரல் அளவுக்குத் திறந்தாள். வெளியே ஒரு பெண் கையில் துக்க வீட்டுக்குக் கொண்டுவருகிற காப்பிப் பொடிப் பாக்கெட்டுகளோடு நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“ஆன்ட்டீ, ஊலே போயிட்டாருன்னு சொன்னாங்க. எனக்கு இப்பத்தான் லீவு கெடச்சுது...”

பேசிக்கொண்டே வந்தவள் ராணியின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துவிட்டாள். கையில் ஸ்குரூ டிரைவர், முகத்தில் எண்ணெய். அவள் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

ராணி அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். “எங்க தங்கச்சி மக! வேலை போயிடுச்சாம், அதான் அழுவுது!” என்று சாத்திய கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே எதிர் வீட்டுக்குச் சொன்னாள். என்னை விட அவள் கெட்டிக்காரி.

வந்தவள் மா தியால். லியனின் அக்காள் மகள். லைங் தாயாவில் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். சின்ன வயதில் அவளை அந்த ஊரில் பார்த்திருக்கிறேன். என் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதற்கு முன்னால் என்னை அப்படி யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

“பொட்டலம் திரும்பி வந்திடுச்சு ஊலே. மாமா ரெண்டு நாள் சாப்பிடல. துப்பாக்கியைத் துணியில சுத்திக் கூரையில வச்சிட்டாரு. வீட்டுல ஏழு பேரு. இந்த வருஷம் சோளமும் சரியில்ல, கீழேந்து அரிசியும் வரல. கடமான் ஒண்ணு விழுந்தா ரெண்டு மாசம் ஓடும். ஆனா உங்களுக்காகத் துக்கம் காக்கறேன்னு உக்காந்திருக்காரு.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய ஒரு “நான் இல்லைம்மா” ஏழு பேர் சோற்றில் போய் விழுந்திருந்தது.

“பொட்டலத்தை நாந்தான் வேணாம்னு சொன்னேன்,” என்றேன். “பயமா இருந்துச்சு.”

அவள் காப்பிப் பொடிப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ராணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். “செத்ததா நெனச்சிருந்தா அப்படியே நெனச்சிட்டுப் போவட்டும்ங்க. இப்ப அங்க ஆள் விட்டு, நீங்க உயிரோட இருக்கீங்கன்னு சொல்லணுமா? யாரு காதுல போய் விழுமோ. நாம பாட்டுக்கு இருக்கோம். சும்மா கெடங்க.”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். நானும் முழுதாகக் கால் மணி நேரம் அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு கூரையில் சுற்றி வைத்த துப்பாக்கி ஞாபகம் வந்தது. தியாலிடம் வந்து, “எழுதிக் குடுக்கமாட்டேன், குரலும் பதிய மாட்டேன். அங்க போற ஆள் யாராச்சும் இருந்தா வாயால சொல்லி அனுப்பு. மணி சாகல. பங்கு அவனுதுதான். பயந்துட்டான்னு சொல்லு. லியன் கடமானுக்குப் போவட்டும்,” என்றேன்.

என் அறுபது வருடத்தில் நான் செய்த தைரியமான காரியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதைச் செய்த பிறகு பத்து நாள் சரியாகத் தூங்கவில்லை.

தெரியாத எண்

போன் வந்தது ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில். தெரியாத எண். அந்தப் பார்சல் கதைக்குப் பிறகு எங்கள் வீட்டில் தெரியாத எண்ணை எடுப்பதில்லை. நான் எடுத்தேன்.

காற்றுச் சத்தம். சிக்னலுக்காக ஏதோ மேட்டில் ஏறி நிற்கிறான் என்று தெரிந்தது. பிறகு அந்தக் குரல்.

“இருக்கியா?”

“இருக்கேன்,” என்றேன்.

“சேதி வந்துச்சு. கேளு, சீக்கிரம் சொல்றேன். பொட்டலம் இங்க வந்து சேரும்போது பிரிச்சிருந்துச்சு. மேல இருந்த உன் பேரைக் காட்டி, யாரு இந்த ஆளுன்னு கேக்க வந்தாங்க. செத்துட்டான், அதான் திரும்பி வந்திருக்குன்னு ஊரே சொல்லிச்சு. நானும் அழுதுக்கிட்டே சொன்னேன். அப்ப எனக்கு அது நெசம். அழுகையைப் பாத்துட்டு நம்பிப் போயிட்டாங்க.”

“சரி லியன். இப்பத்தான் தெரிஞ்சு போச்சே. நீ கடமானுக்குப் போ. வீட்டுல...”

“போகமாட்டேன்.”

“ஏன்?”

“நான் துப்பாக்கியைக் கையில எடுத்தா, நீ உசிரோட இருக்கேன்னு ஊருக்குத் தெரிஞ்சிடும். ஊருக்குத் தெரிஞ்சா அவங்களுக்கும் தெரியும். வேணாம். அடுத்த மழை முடியற வரைக்கும் நான் துக்கத்துலதான் இருப்பேன். நீ செத்தவனாவே இரு. அதான் உனக்கு நல்லது.”

“ஏழு பேருடா,” என்றேன்.

“பன்னி இருக்கு. கெழங்கு இருக்கு. ஒரு வருஷம்தானே.”

காற்று பலமாக அடித்தது. லைன் போய்விடும் என்று தோன்றியது. கேட்கக் கூடாததைக் கேட்டேன். “எல்லாம் சரியானப்புறம் ஒரு தடவையாச்சும் வரலாமா லியன்? பெரியவரைப் பாக்க?”

“யாருக்குத் துக்கம் காத்தோமோ அவனைத் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போற வழக்கம் எங்ககிட்ட இல்லியே, கோ மணி,” என்றான். அவன் குரல் உடைந்ததா, காற்றா, தெரியவில்லை. லைன் போய்விட்டது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நியாயமாக எனக்கு முதலில் அழுகை வந்திருக்க வேண்டும். ஒரு மனிதன் எனக்காகக் குழந்தைகளின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறான். வருடக்கணக்காக நான் ஏங்கிக் கிடந்த அந்த மலை இனி எனக்குக் கிடையாது. அழுகை பிறகு வந்தது, வரவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்தது நிம்மதி. மணி என்கிற ஆளைத் தேடிக்கொண்டு இனி யாரும் வர மாட்டார்கள் என்ற நிம்மதி. நெஞ்சு அப்படியே லேசாகிவிட்டது. அந்த லேசை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. இதில் எல்லாப் பெயர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், என் பெயரையும் சேர்த்து.

“யாருங்க போன்ல?” என்று ராணி சோற்றுத் தட்டோடு வந்து கேட்டாள்.

“ராங் நம்பர்,” என்றேன்.